பன்னிரண்டு கிராம் தகடு

எங்கள் ராயபுரத்துக்கு மேலே என்னென்ன பறக்கிறது என்று ஒரு நாள் மாடியில் பாய் விரித்துப் படுத்து எண்ணிப் பாருங்கள். காக்கை, புறா, மீன் ஏலத்துக்கு மேலே வட்டமடிக்கும் பருந்து. அதற்கப்புறம் கல்யாண மண்டபத்து ட்ரோன், கட்சிக் கூட்டத்து ட்ரோன், கூழ் ஊற்றும் திருவிழாவின் ட்ரோன், மாதா தேர் பவனியின் ட்ரோன், மச்சான் துபாயிலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த ட்ரோன். சராசரியாக ஒரு முகூர்த்த நாளில் காக்கைக்குப் பறக்க இடம் கிடைக்காது. ஆனால் அரசாங்கத்தின் கணினியில் ஆறு வருடமாக எங்கள் வட்டாரத்தில் இருந்தது ஒரே ஒரு ட்ரோன். அது ஆண்ட்ரூவுடையது. அவன் ஒருவன்தான் "என்னிடம் ஒன்று இருக்கிறது ஐயா" என்று தானாகப் போய்ச் சொன்ன புத்திசாலி. போய்ச் சொல்லச் சொன்ன பெரும் புத்திசாலி நான்.

என் பெயர் ஷாகுல் ஹமீது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயர்ப்பலகைக்குத்தான். ஆதார் திருத்தம், ரேஷன் அட்டை, வாரிசுச் சான்று, பாஸ்போர்ட் என்று கணினியில் நிரப்ப வேண்டிய எதையும் நிரப்பித் தருவேன். டில்லியில் ஒருவர் தும்மினால் இங்கே என் கடையில் வரிசை நிற்கும். ஆகவே அரசாங்கத்தைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அதன் உப்பைத் தின்றுகொண்டுதான் திட்டுகிறேன்.

ஆண்ட்ரூவுக்கு நாற்பத்து நான்கு வயது. திருவொற்றியூரில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். நீண்ட இரும்புக் கையால் கன்டெய்னரை மேலிருந்து பிடித்துத் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் வண்டி அது. முப்பது டன் பெட்டியை முட்டைக் கூடையை இறக்குவதுபோல இறக்குவான். பதினெட்டு வருடத்தில் ஒரு பெட்டியின் மூலையைக்கூட நசுக்கியதில்லை. வாரத்தில் பாதி நாள் துறைமுகத்துக்குள் வேலை. உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸைப் புதுப்பிக்க போலீஸ் சான்று வேண்டும், சான்றுக்கு அவன் பெயரில் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. வழக்கு விழுந்தால் பாஸ் போச்சு, பாஸ் போனால் வேலை போச்சு. வீட்டில் மனைவி ஃப்ளோராவும் கல்லூரியில் படிக்கும் மகளும் அந்த பாஸை நம்பித்தான் இருந்தார்கள்.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஆகாயத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதும், சாப்பிடும்போதும், ஒரு தடவை தன் சொந்தக் கல்யாணத்தில் மோதிரம் மாற்றிவிட்டு வெளியே வந்து படமெடுக்க நிற்கும்போதும். அந்தக் கல்யாணப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் மேலே ஏதோ ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காத்தாடிக்காரன் புத்தி அது. பதினைந்து வயதிலிருந்து அவன் மாடியில் ஏற்றிய காத்தாடியை அந்தத் தெருவில் யாரும் அறுத்ததில்லை. பிறகு ஒரு நாள் மேம்பாலத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போன ஒருவரின் கழுத்தை யாரோ விட்ட மாஞ்சா நூல் அறுத்ததைக் கண்ணால் பார்த்தான். அது அவன் நூலில்லை. இருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தன் நூல் கண்டை அடுப்பில் போட்டான். தடையெல்லாம் அப்புறம்தான் வந்தது. சட்டம் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடும் பிறவி அவன். அப்படிப்பட்டவனைத்தான் சட்டம் தேடிக்கொண்டிருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ரிச்சி தெருவில் ஒரு சின்ன ட்ரோன் வாங்கினான். உள்ளங்கையில் அடங்கும். இருநூற்று நாற்பத்தொன்பது கிராம். இருநூற்று ஐம்பதுக்குள் இருந்தால் பொம்மை மாதிரி, பெரிய தொல்லை இல்லை என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். ஆண்ட்ரூ அந்த ஒரு கிராம் இடைவெளியைக் காட்டி என்னிடம் பெருமை பேசினான்.

"மடில கனம் இல்லன்னா வழில பயம் இல்ல பாய்."

அவன் ஆசை ரொம்பப் பெரியது இல்லை. தான் காத்தாடி விட்ட மாடி, காத்தாடியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். தன் வீடு, தன் தெரு, மாதா கோயில் கோபுரம், பின்னால் கடல். அவ்வளவுதான். அதற்காகத்தான் வாங்கினான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஜனவரியில் டில்லியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ட்ரோன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மாதக் கடைசிக்குள் தாங்களாகவே சொல்லிவிடுங்கள், எண் தருகிறோம், இல்லையென்றால் நடவடிக்கை. கல்யாண வீடியோக்காரர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் ட்ரோனைப் பரணில் ஏற்றினார்கள். நான் அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து ஆண்ட்ரூவிடம் நீட்டி, "போட்டுடு நைனா, நாளிக்கி யாரும் கேக்க முடியாது" என்றேன். யார்டில் வண்டிக்குள் போன் கூடாது, ஓடிபி வந்தால் அவனால் எடுக்க முடியாது என்று என் கடை எண்ணையே கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் தோஸ்து காசில் வைத்தேன்.

எண் வந்தது. எண் வந்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த எண்ணை நான் ஸ்டிக்கரில் அச்சடித்துக் கொடுத்தேன். அதை அவன் இரண்டு விரலால் பிடித்து, செத்த கரப்பானைப் பிடிப்பதுபோலப் பார்த்தான்.

"ஸ்டிக்கரா? உப்புக் காத்துல நாலு நாளு தாங்குமா பாய் இது? நம்ப யார்டுல ஒவ்வொரு பொட்டிக் கதவுலயும் தகடு அடிச்சிருப்பான், பாத்துகிறியா? நம்பரு, வருஷம், வெயிட்டு எல்லாம் அதுல கீது. தகடு இல்லாத பொட்டிய நான் தொடமாட்டேன். தகடு இல்லன்னா அது பொட்டியே இல்ல."

தண்டையார்பேட்டையில் தெரிந்த பட்டறைக்குப் போய், துருப்பிடிக்காத எஃகில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகடு வெட்டி, எண்ணை ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, ட்ரோனின் வயிற்றில் இரண்டு சின்னத் திருகால் முடுக்கிக்கொண்டு வந்தான். முதலில் வந்த விதியிலும் தீயில் எரியாத தகடு என்று ஏதோ இருந்தது. ஆகவே நானும் சபாஷ் என்றேன். முப்பது டன்னைக் கண்ணால் எடை போடுகிறவன் அந்தத் தகட்டை எடை போடவில்லை. துறைமுகத்தில் எவனும் தகட்டை எடை போடமாட்டான்.

பிறகு விதிகள் மாற ஆரம்பித்தன. இரண்டாயிரத்து இருபத்தொன்று மார்ச்சில் தலையணை தடிமனுக்குப் புது விதி வந்தது. நானும் அவனும் உட்கார்ந்து இரண்டு மாதம் படித்துப் புரிந்துகொண்டோம். ஆகஸ்டில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு விதி வந்தது. பழைய எண் செல்லாது, புதிய எண் வாங்கு. வாங்கினான். பட்டறையில் தகட்டின் பின்பக்கம் புது எண்ணைக் குத்தினான். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று பைலட் சான்றிதழுக்குப் போகப் பார்த்தான். அதற்கு பாஸ்போர்ட் கேட்டார்கள். வேளாங்கண்ணியைத் தாண்டித் தெற்கே போகாத மனிதன், பொம்மை ஓட்ட பாஸ்போர்ட் எடுத்தான். அது கைக்கு வந்த கொஞ்ச நாளில், பொழுதுபோக்குக்குச் சின்ன ட்ரோன் விடுகிறவனுக்குச் சான்றிதழே வேண்டாம் என்று விதி மாறியது. அந்த பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரைகூட இல்லை. ஃப்ளோரா அதற்குள் கரண்ட் பில் சொருகி வைக்கிறாள்.

வரைபடம்தான் உச்சம். சிவப்பு என்றால் கூடாது, மஞ்சள் என்றால் அனுமதி கேள், பச்சை என்றால் பறக்கலாம். எங்கள் பக்கத்தை அந்த வரைபடத்தில் திறந்து பார்த்தால் அம்மை போட்டதுபோல இருக்கும். துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, ரயில்வே, மின் நிலையம் என்று இந்த நாட்டுக்கு வேண்டியதெல்லாம் எங்கள் தலையில்தானே இருக்கிறது. அவன் மாடி சுத்தமான சிவப்பு. தேடித்தேடிக் கடைசியில் எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டு போகும் வழியில் விரல் அகலத்துக்கு ஒரு பச்சை கண்டுபிடித்தான். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு புல் கிடையாது. மின் நிலையச் சாம்பல் படிந்த பொட்டல். வரைபடத்தில் பச்சை, நிலத்தில் சாம்பல். பறக்க அனுமதித்த இடத்தில் பார்க்க எதுவும் இருக்கக் கூடாது என்பது விதியாக எழுதப்படாத ஒரே விதி போலிருக்கிறது.

ஞாயிறு தோறும் முதல் பூசை முடிந்ததும் பைக்கில் ஃப்ளோராவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தச் சாம்பலுக்குப் போவான். கிளம்பும் முன் என் கடைக்கு வந்து வரைபடத்தைப் பார்ப்பான், ராத்திரியோடு ராத்திரியாக நிறம் மாறியிருக்கலாமே. போய் இருபது நிமிடம் விடுவான். ஃப்ளோரா குடை பிடித்து உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவாள்.

"நாலு வருஷமா ஒரே சாம்பல படம் புடிச்சிகினு கீறாரு பாய்," என்று அவள் ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "மூணு ஆடு வரும். அதுங்களுக்கு நான் பேரே வச்சிட்டேன்."

"ஒரு தபா ஒன் மாடிலேந்து வுட்டுப் பாத்துடேன் நைனா, யாரு கேக்கப் போறா?" என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். எங்கள் தலைக்கு மேலேயே மண்டபத்து ட்ரோன் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ரூ அதை நிமிர்ந்து பார்த்து, "செவப்புன்னு போட்டுகீதே பாய்" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

போன மார்ச்சில் எங்கள் பக்கம் ஒரு பெரிய மனிதர் விழாவுக்கு வந்தார். விழாக்காரர்களே ஏற்பாடு செய்த வீடியோ ட்ரோன் ஒன்று பேட்டரி தீர்ந்து மேடையில் விழுந்தது. சரியாக மாலைகள் குவித்திருந்த இடத்தில். யாருக்கும் கீறல்கூட இல்லை, ஆனால் பெரிய மனிதர் திடுக்கிட்டார். பெரிய மனிதர் திடுக்கிட்டால் கீழே பத்துப் பேருக்குத் தூக்கம் போகும். வீடியோக்காரன் அந்தக் குழப்பத்தில் தன் பொருளைப் பையில் போட்டுக்கொண்டு மறைந்தான். அவனை அமர்த்தியவர்கள் யார் என்று கேட்கும் தைரியம் எந்தக் காவல் நிலையத்துக்கும் இல்லை. ஒரு நிலையம், பெயர் வேண்டாம், கணினியைத் தட்டி வட்டாரத்தில் ட்ரோன் வைத்திருப்பவர் யார் என்று பார்த்தது. பட்டியல் வந்தது. பட்டியலில் ஒரே பெயர்.

மறுநாள் காலை கான்ஸ்டபிள் மாசானம் என் கடைக்கு வந்தார். பதிவில் இருந்தது என் கடை எண் அல்லவா? திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர்.

"பாய், இந்த ஆண்ட்ரூங்கிறது யாரு? ட்ரோனோட வரச் சொல்லுங்க. ஐயா பாக்கணும்னாரு."

அந்த மாதம்தான் ஆண்ட்ரூவின் பாஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம். விண்ணப்பத்தை இரண்டு நாள் முன்னால்தான் நான் அனுப்பியிருந்தேன். அவனோ முந்தின ராத்திரி ஷிஃப்ட் முடித்த தூக்கத்திலிருந்து எழுந்து, குளித்து, கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆறு வருடத்துக் காகிதங்களையும் ஃபைலில் வரிசையாக அடுக்கிக்கொண்டு கிளம்பினான். பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. நானும் கூடப் போனேன்.

இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "நேத்து சாயங்காலம் எங்க இருந்த?"

"யார்டுல சார். ரெண்டுலேந்து பத்து ஷிஃப்ட்டு. கேட்டுல கைரேகை வச்சிகீறேன், கேமரா கீது."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேலிடத்துக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். கையில் ஒரு பெயர்தான் இருந்தது. அதை விட்டுவிட்டால் வேறு பெயருக்கு எங்கே போவார், பாவம். போனை எடுத்து ட்ரோன் விதிகளை அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஐந்தாறு நிமிடம் கழித்து நிமிர்ந்தார்.

"எடை எவ்வளவு?"

"எரநூத்தி நாப்பத்தொம்போது சார்," என்றான் ஆண்ட்ரூ. அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"எரநூத்தம்பதுக்கு மேல இருந்தா இன்சூரன்ஸ் வேணும்னு போட்டிருக்கு. மாசானம், எடை போட்டு எழுதுங்க."

நிலையத்தில் தராசு இல்லை. மாசானமும் நாங்களும் எதிரே இருந்த அடகுக் கடைக்குப் போனோம். சேட்டு ட்ரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மேல எல்லாம் பணம் குடுக்கறது இல்ல," என்றார். எடை மட்டும் போதும் என்றதும் தங்கத்தராசின் கண்ணாடியைத் திறந்து வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. இருநூற்று அறுபத்தொன்று.

ஆண்ட்ரூ இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். இருநூற்று அறுபத்தொன்று. ட்ரோனைத் திருப்பி வயிற்றைப் பார்த்தான். உப்புக் காற்றில் ஆறு வருடம் துருப்பிடிக்காத தகடு வெயிலில் மின்னியது. பன்னிரண்டு கிராம். நான் சட்டத்துக்கு உட்பட்டவன் என்று சொல்வதற்காக அவன் முடுக்கிய தகடுதான் அவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. ஸ்டிக்கரோடு விட்டிருந்தால் தப்பியிருப்பான். எண்ணே இல்லாமல் பரணில் போட்டிருந்தால் அவன் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது.

"இத கழட்டிட்டு எழுதலாமே சார்," என்று நான் மாசானத்திடம் கேட்டேன்.

"எனக்கு எழுதலாம் பாய். ஐயாவுக்குப் போதாது," என்றார் அவர்.

திரும்பிப் போனோம். இன்ஸ்பெக்டருக்கு இப்போது முகம் தெளிந்திருந்தது. ஆனால் அவரும் யோசித்திருக்க வேண்டும். கைரேகையும் கேமராவும் இருக்கிற ஆளை மேடை விவகாரத்தில் கோர்த்தால் நாளைக்கு அவரைத்தான் கேட்பார்கள். வழக்குப் போட்டாலும் வேலை, போடாவிட்டாலும் வேலை. ஒவ்வொரு முறை பெரிய மனிதர் வரும்போதும் இந்த ஒற்றைப் பெயருக்கு அவர் பதில் எழுத வேண்டும். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இங்க பாருப்பா. கேஸ் போட்டா ஒனக்கு பாஸ் போயிடும்னு தெரியும். நான் அந்த மாதிரி ஆளு இல்ல. ட்ரோன் கடல்ல விழுந்து தொலஞ்சிடுச்சின்னு எழுதிக் குடுத்து, அந்த நம்பரை ரத்து பண்ணிடு. லிஸ்ட்டுல ட்ரோன் இல்ல, எனக்கும் தலவலி இல்ல. பொருள நீயே எடுத்துட்டுப் போ."

ஆண்ட்ரூவுக்குப் புரியவில்லை. "அது தொலையல சார். தோ கீது."

"அது எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரிய வேண்டாம்."

அன்று சாயங்காலம்வரை கெடு. என் கடையில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். வரிசையில் நின்றவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவன் வேலையில் தினமும் கையெழுத்துப் போடுகிறவன். பெட்டி அடிபட்டதா இல்லையா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளாளுக்கு வந்து, "இல்லன்னு போடு அண்ணாத்த" என்று கெஞ்சுவார்கள். போட்டதில்லை. அதனாலேயே யார்டில் அவனுக்கு நண்பர்கள் குறைவு.

ஃப்ளோராவுக்கு நான்தான் போன் போட்டேன். விவரம் கேட்டுவிட்டு, "போட்டுட்டு வரச் சொல்லு பாய், பொண்ணு பரீச்ச எழுதிகினு கீது," என்றாள். போனை வைக்கும் முன், "அவரு சாப்ட்டாரா?" என்றாள்.

அந்தப் பொய்யை நான்தான் தட்டச்சு செய்தேன். இன்ன தேதியில், இன்ன இடத்தில், காற்றின் வேகத்தால் கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்தது. ஆறு வருடம் உண்மையாக நிரப்பிய எந்தப் படிவமும் இவ்வளவு சுலபமாக ஏறியதில்லை. ஒரே தடவையில் போனது. அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மாசானம் வந்து வாங்கிப் போனார். ட்ரோன் மேஜைமேல் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.

"கத முடிஞ்சிது," என்றேன். "இனி நீயும் நம்பள மாதிரிதான். தகட்ட கழட்டு. நாளிக்கே ஒன் மாடிலேந்து வுடு. இல்லாத ட்ரோன எவன் புடிப்பான்?"

அவன் ட்ரோனைப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்த நேரம். வழக்கம்போல வரைபடம் பார்க்க வருவான் என்று நினைத்தேன். வந்தான், ஃப்ளோரா இல்லாமல். "வா பாய், ஒரு வேல கீது," என்று என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் கடலோரம் கொட்டியிருக்கும் பாறைகளுக்குப் போனான். சுத்தச் சிவப்பு. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அப்பாடா, ஒரு வழியாக மனுஷனுக்குப் புத்தி வந்தது, வீட்டைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன்.

பாறைமேல் உட்கார்ந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தான். தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"இத்தோட வுட்டா வெயிட்டு ஜாஸ்தி. இன்சூரன்சு இல்ல."

"அட கிறுக்கா, நம்பரே இல்லாததுக்கு இன்னா இன்சூரன்சு?"

"பேப்பர்ல இன்னா எழுதிகீது பாய்?"

"கடல்ல விழுந்துட்ச்சின்னு."

"யாரு கையெழுத்து?"

"ஒன்து."

"அப்ப அது எங்க இருக்கணும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்ட வார்த்தையில் திட்டினேன். அந்த இன்ஸ்பெக்டரைத் திட்டினேன், டில்லியைத் திட்டினேன், அவனையும் திட்டினேன். ஊரே பொய்யில் நீச்சலடிக்கிறது, இவனுக்கு மட்டும் கால் நனையக் கூடாதாம். என் வாழ்நாளில் இவ்வளவு நல்லவனைப் பார்த்ததில்லை, இவ்வளவு முட்டாளையும் பார்த்ததில்லை. அவன் காது கொடுக்கவில்லை. "செவப்புதான், தெரியும். ஒரு தபா," என்று மட்டும் சொன்னான். அது எனக்குச் சொன்னதில்லை.

ட்ரோன் எழும்பியது. முதலில் கடல் பக்கம் திருப்பினான். பிறகு கை நின்றது. மெல்ல ஊர்ப் பக்கம் திருப்பினான்.

திரையில் படகுகள் வந்தன, மீன் காயும் சாலை வந்தது, கோபுரம் வந்தது. அப்புறம் தெரு. அவனுடைய மாடி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்து, பெரிதாகி வந்தது. அதில் ஃப்ளோரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு, நெற்றியில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கல்யாண வீட்டு ட்ரோனோ என்று நினைத்திருப்பாள். குனிந்து அடுத்த துணியை எடுத்து உதறினாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எந்தக் காலத்திலோ மாட்டிய ஒரு காத்தாடியின் குச்சி மட்டும் இருந்தது.

"ரெக்கார்டு போடுடா," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லாத ட்ரோனுக்கு இன்னா ரெக்கார்டு பாய்."

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கடலுக்குத் திருப்பி நேராக விட்டான். படகுகள் கடந்தன, நங்கூரம் போட்ட கப்பல்கள் கடந்தன. பேட்டரி குறைகிறது, கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வருகிறேன் என்று திரையில் எழுத்து வந்து கூவியது. வேண்டாம் என்று அழுத்தினான். மறுபடி கூவியது, மறுபடி அழுத்தினான். மூன்றாவது தடவையும் அழுத்தினான். கொஞ்ச நேரம் திரையில் தண்ணீர் மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

இப்போது காவல் நிலையத்தின் பட்டியலில் ட்ரோன் ஏதும் இல்லை. மேலிடத்துக்கு அப்படித்தான் போயிருக்கிறது, வட்டாரம் சுத்தம். மேடையில் ட்ரோனை விழவிட்டவன் அடுத்த வாரமே வேறு விழாவில் படம் பிடித்துக்கொண்டிருந்தான், நானே பார்த்தேன். டில்லியில் இன்னொரு புதிய சட்டத்துக்கு வரைவு போட்டிருக்கிறார்கள், இதைவிடக் கடுமையாம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். ஆண்ட்ரூவிடம் அதை நான் சொல்லவில்லை. தகடு என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

பாஸ் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். கடையில் கூட்டம். ஆண்ட்ரூ வரிசையில் நின்று, முறை வந்ததும் ஜெராக்ஸுக்காகப் பாஸை வெளியே எடுத்தான். அந்த நேரம் பார்த்து மண்டபத்து ட்ரோன் ஒன்று எங்கள் தலைக்கு மேலே ரீங்கரித்துக்கொண்டு தாழப் பறந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்தால், அவன் பாஸின் பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கழுத்து அசையவே இல்லை.

"ரெண்டு பக்கமும் எடு பாய்," என்றான்.